வெள்ளிக்காசு மாமாவின் முறை

எங்கள் எஸ்டேட்டில் எது உடைந்தாலும் உடைத்தவர் ஒருவர்தான். குழாய் உடைந்தால் அவர். கோயில் ஜன்னல் கண்ணாடி உடைந்தால் அவர். மேஸ்திரியின் குடை காணாமல் போனாலும் அவர். யாரும் அவர் மேல் பழி போட வேண்டிய தேவையே இருந்ததில்லை. "யாருடா அது?" என்று ஒரு அதட்டல் கேட்டால் போதும், கூட்டத்தின் பின்னாலிருந்து சளி கட்டிய மாதிரி ஒரு கரகரத்த குரல் "நான்தாங்க" என்று வந்துவிடும்.

அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயரை ஊர் வேண்டிய மட்டும் சொல்லித் தீர்த்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை டிவியிலும் சொன்னார்கள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நாங்கள், எஸ்டேட் பிள்ளைகள், அவரை வெள்ளிக்காசு மாமா என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பெயரே போதும்.

குன்னூருக்குக் கீழே இருந்தது எங்கள் எஸ்டேட். தவக்காலம் வந்தால் மாதா கோயிலுக்கு முன்னால் இருக்கும் மைதானத்தில் ஆண்டவரின் சிலுவைப் பாடுகளை நாடகமாகப் போடுவார்கள். வசனம் கொஞ்சம்தான், மற்றதெல்லாம் பாட்டு. ஆர்மோனியம், தபேலா, பிற்பாடு ஒரு கீபோர்டு. வெலிங்டனிலிருந்தெல்லாம் ஆட்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்து அழுதுவிட்டுப் போவார்கள். அந்த நாடகத்தில், முப்பது வெள்ளிக்காசு வாங்கிக்கொண்டு ஆண்டவரைக் காட்டிக்கொடுக்கும் வேஷம்தான் அவருடையது.

அந்த வேஷத்தை எங்கள் கோயில்காரர்கள் ஒருவரும் கட்ட மாட்டார்கள். அதைக் கட்டினால் தங்கச்சிக்கு மாப்பிள்ளை வராது, கட்டியவன் கையால் வைத்த செடி தழைக்காது என்று ஏதேதோ சொல்வார்கள். ஒரு வருடம் யாரும் கிடைக்காமல் பங்குச் சாமியார் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றபோது, வேடிக்கை பார்க்க வந்திருந்த இவர் பின்னாலிருந்து கையைத் தூக்கியிருக்கிறார். இவர் நெற்றி நிறைய விபூதி பூசும் முருக பக்தர். சிலோனிலிருந்து சின்ன வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்தவர். ஒத்திகைக்கு வரும்போது விபூதியைத் துடைத்துவிட்டு வருவார், முடிந்ததும் மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்துப் பூசிக்கொண்டு போவார். அதைப் பார்த்து உபதேசியார் சிரிப்பார். இவரும் சிரிப்பார்.

நன்றாகப் பாடுவார். "முத்தம் ஒன்று தந்தேன், அதில் மூச்சை விற்று வந்தேன்" என்று அவர் இழுக்கும்போது பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வார்கள். பாடி முடித்து மேடையை விட்டு இறங்கியதும் நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் மண்ணாங்கட்டியை எடுத்து அவர் மேல் எறிவோம். அதுவும் நாடகத்தில் ஒரு பகுதி மாதிரி ஆகியிருந்தது. அடி விழும் இடத்தைத் தடவிக்கொண்டே, "மெதுவாப் போடுங்க சாமி, நாளைக்கு வேலைக்குப் போகணும்ல" என்பார்.

அவருடைய அந்த "நான்தாங்க"வில் ஒரு நியாயமும் இருக்காது, ஒரு பொருத்தமும் இருக்காது. ஒரு தடவை எங்கள் லைன் வீடுகளின் பொதுக்குழாய்த் திருகை யாரோ உடைத்துவிட்டார்கள். உடைத்தவன் பெயர் தெரியும்வரை லைன் முழுவதற்கும் தண்ணீர் கிடையாது என்று ஃபீல்டு ஆபீசர் கத்திக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து இவர் குன்னூர் மார்க்கெட்டுக்குப் போய்விட்டுக் கையில் பையோடு வருகிறார். பையிலிருந்து முள்ளங்கி இலை எட்டிப் பார்க்கிறது. என்ன விஷயம் என்றுகூடக் கேட்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தார், ஆபீசரின் முகத்தைப் பார்த்தார், பையைக் கீழே வைத்துவிட்டு "நான்தாங்க" என்றார். ஆபீசருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் பெயரை எழுதிக்கொண்டு போனார். அன்றைக்குச் சாயங்காலம் தண்ணீர் வந்தது.

இன்னொரு தடவை, பீடத்துக்கு வைத்திருந்த பூவையெல்லாம் ஒரு ஆடு தின்றுவிட்டது. "யார் ஆடு?" என்று சாமியார் கேட்டார்.

"நான்தாங்க சாமி."

"உன்கிட்ட ஏதுய்யா ஆடு?"

"ஆடு இல்லீங்க சாமி. ஆனா நான்தாங்க."

இதைச் சொல்லிச் சொல்லி எஸ்டேட்டே ஒரு மாதம் சிரித்தது. அவர் மனைவிக்கு மட்டும் சிரிப்பு வராது. கொழுந்து பறித்துவிட்டு ஈரச் சாக்கை இடுப்பில் கட்டியபடி வரும் அந்த அத்தை வாசலிலேயே ஆரம்பித்துவிடும். "ஒரு நாளாச்சும் 'நான் இல்ல'ன்னு சொல்லிப் பாருங்களேன். வாய் வெந்தா போயிரும்? ஊருக்கு எளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டின்னு இதுக்குத்தான் சொல்லி வெச்சிருக்காங்க." அவர் அடுப்புக்கு விறகு பிளந்துகொண்டே இருப்பார்.

நான் வாயாடி. கேட்காமல் எனக்கு எதுவும் செரிக்காது. ஒருநாள் ஒத்திகைக்குக் காத்திருந்தபோது கேட்டேவிட்டேன், "ஏன் மாமா செய்யாததை எல்லாம் செஞ்சேன்னு சொல்றீங்க?"

அவர் ஒரு குச்சியால் மண்ணில் வரிசையாகக் கோடு போட்டுக் காட்டினார். "நாங்க சிலோன்ல இருந்தப்ப, வெடியக்காலம் எல்லாரும் பெரட்டுக்களத்துல வரிசையா நிக்கணும். அங்கதான் பேரு போடுவாங்க, வேலை பிரிப்பாங்க. ஏதாச்சும் ஒடஞ்சிருச்சு, களவு போயிருச்சுன்னா தொரை கேப்பாரு, யாருன்னு. பேரு வரலைன்னு வை, அத்தனை பேருக்கும் அரைப்பேருதான்."

"அரைப்பேருன்னா?"

"நாள் பூரா வேலை செஞ்சாலும் அரை நாளுன்னு போட்டுருவாங்க. வீட்டுல அடுப்பு எரியாது. அதனால யாராச்சும் ஒருத்தர் 'நான்தாங்க'ன்னு முன்னாடி வந்துருவாங்க. அவரு ஒருத்தருக்குச் சம்பளம் போகும், மத்த சனம் பொழச்சுக்கும்."

"அப்ப அவரு பாவமில்லையா?"

"இல்ல கண்ணு, அது மொறைதானே. இந்தத் தடவை எங்கப்பான்னா அடுத்த தடவை பக்கத்து வீட்டு ஆளு. அதுக்கடுத்து தொங்கல்ல இருக்கற கடைசி வீட்டு ஆளு. யாரும் சொல்லி வெக்கிறதில்ல. தன்னால வந்துரும்." பிறகு குச்சியைத் தூரப் போட்டுவிட்டு, "இங்க இன்னும் யாருக்கும் மொறை வரல போல," என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் ஒன்றும் இல்லை. பஸ் கொஞ்சம் லேட் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

எஸ்டேட்டில் இது யாருக்கும் தெரியாது. அவர் குணமே அப்படி, கொஞ்சம் அரைக்கிறுக்கு என்றுதான் நினைத்தார்கள். அவருக்கு வாய்த்த ஊர் அப்படி. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அவரையே முதல் ஆளாகவும் கடைசி ஆளாகவும் வைத்துக்கொண்டார்கள். சில சமயம் எனக்கு அவர் மேலேயே கோபம் வரும். அவர் அப்படி இருந்ததால்தானே நாங்கள் எல்லோரும் இவ்வளவு சுலபமாகக் கெட்டவர்களாக இருக்க முடிந்தது?

சரி, அந்த வருடத்து நாடகத்துக்கு வருகிறேன்.

உயிர்ப்புக் காட்சியில், கல்லறை திறக்கும்போது, ஒரு சம்மனசு, அதாவது தேவதூதர், பாடிக்கொண்டே வானத்திலிருந்து இறங்கி வரும். மேடைக்குப் பின்னால் நின்ற கற்பூர மரத்தின் கிளையில் கப்பி மாட்டி, கயிற்றில் இறக்குவார்கள். கப்பியும் கயிறும் டீ ஃபேக்டரியில் இருந்து வரும். அங்கே கொழுந்தை வாட்டுகிற மாடிக்கு மூட்டைகளைத் தூக்குவது அதில்தான். என் அப்பா அந்த ஃபேக்டரியில் ஃபிட்டர். கப்பி மாட்டுவது எப்போதும் அவர் பொறுப்பு. கயிற்றைப் பிடிப்பது அந்த நேரத்தில் திரைக்குப் பின்னால் சும்மா இருக்கும் ஆள். ஒத்திகையில் அப்பாவும் பிடித்திருக்கிறார், வெள்ளிக்காசு மாமாவும் பிடித்திருக்கிறார்.

எப்போதும் ஸ்டோரிலிருந்து புதுக் கயிறு கேட்டு வாங்குவார்கள். அந்த வருடம் கிடைக்கவில்லை. மாடியில் ஓடிக்கொண்டிருந்த பழைய கயிற்றையே கழற்றிக்கொண்டு வந்தார்கள். வருடக்கணக்காகக் கொழுந்துச் சாறு ஊறிக் கறுத்துப்போன கயிறு. வாட்டுகிற மாடியில் எந்நேரமும் சூடான காற்று அடிக்கும், அங்கே அது முறுக்காக, கைக்கு வசமாக இருக்கும். வெளியே பனிமூட்டத்தில் ஒரு மணி நேரம் தொங்கினால் அந்தச் சாறு இளகி, கயிறு வெண்டைக்காய் மாதிரி வழுவழுத்துவிடும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

சம்மனசு வேஷம் ஸ்டெல்லா அக்காவுக்கு. பத்தாவது படித்துக்கொண்டிருந்தது. நான் முன்வரிசையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தேன். பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறி மைதானத்தை மூடிவிட்டது. அதோடு சாம்பிராணிப் புகை வேறு. அக்காவின் வெள்ளை அங்கி மேலே தெரிந்தது, பாட்டு கேட்டது. பாதி தூரம் மெதுவாக இறங்கியது. அப்புறம் பாட்டு நின்றது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். விழுந்ததில் அக்காவுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது என்று மறுநாள்தான் சொன்னார்கள்.

மறுநாள் காலையில் மேனேஜர் எல்லோரையும் மைதானத்தில் நிறுத்தினார். "கயிறு யார் கையில இருந்துச்சு? பேர் வரலைன்னா நாடகத்துல இருந்த அத்தனை பேருக்கும் வேலை கிடையாது. வீட்டையும் காலி பண்ணிட்டுக் கிளம்பலாம்," என்றார். பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். என் அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள், வலித்தது. அப்போது பின்னாலிருந்து அந்தக் கரகரப்பு வந்தது.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஆண்டவரையே காட்டிக்கொடுத்தவன்தானே என்று கூட்டத்தில் ஒரு கிழவி முணுமுணுத்தது. நாடகம் எது, நிஜம் எது என்பது அன்றைக்கு எல்லோருக்கும் குழம்பிவிட்டது. அல்லது குழம்பிய மாதிரி இருப்பது வசதியாக இருந்தது. அந்த நேரத்தில் அவரைச் சாம்பிராணிப் புகைச் சட்டியோடு பார்த்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். வேலை தப்பித்தால் போதும் என்று வாயை மூடிக்கொண்டார்கள். ஸ்டெல்லா அக்கா வீட்டில் சாமியார் பேசி, போலீஸ் கேஸ் இல்லாமல் முடித்தார்கள்.

ஒரு வாரத்துக்குள் அவர் வீட்டைக் காலி செய்தார். சேரம்பாடிப் பக்கம் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், அங்கே எஸ்டேட்டில் ஏதாவது கிடைக்கும் என்று பேச்சு. கூடலூர் போகும் லாரியில் பாத்திரம், கோழிக்கூடு எல்லாம் ஏற்றிவிட்டு எங்கள் வாசலுக்கு வந்தார். அப்பா காய்ச்சல் என்று கம்பளியைத் தலைவரை போர்த்திப் படுத்திருந்தார். இவர் உள்ளே வரவில்லை. வாசலில் நின்றே, "அண்ணே, என் மொறை முடிஞ்சுச்சுங்க. வரேன்," என்றார். கம்பளி அசையவில்லை. லாரியில் அத்தை நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து நாடகமும் இல்லை.

இதெல்லாம் நடந்து வருடங்கள் ஓடிவிட்டன. அம்மா போய்விட்டாள். நான் வெலிங்டனில் ஒரு ஆபீசில் கிளார்க். அப்பா என்னோடு இருக்கிறார். ஊரில் என் அப்பாவைப் போல் ஒரு மனிதரைக் காட்ட முடியாது என்று நான் மார்தட்டுவேன். தினமும் காலைப் பூசைக்குப் போவார். எறும்பைக்கூட ஊதித்தான் தள்ளுவார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஸ்டெல்லா அக்கா வீட்டுக்குக் கேக் வாங்கிக்கொண்டு தானே நேரில் போவார். அக்கா இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது.

இந்த வருடம் கோயில் இளைஞர்கள் அந்த நாடகத்தை மறுபடி மேடையேற்றினார்கள். அதைப் பற்றி டிவிக்காரர்கள் ஒரு டாக்குமெண்டரி எடுத்தார்கள். பழைய ஆட்களைத் தேடித் தேடிப் பேட்டி எடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள், நான் ஆபீசில் இருந்தேன். அப்பா டிவியில் வரப்போகிறார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். ஞாயிறு சாயங்காலம் வர்க்கியும் டீயுமாக அப்பாவும் நானும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். அவர் குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டு நாற்காலி நுனியில் இருந்தார்.

முதலில் புது ஒத்திகை காட்டினார்கள். பிள்ளைகள் நன்றாகத்தான் பாடினார்கள். சம்மனசுக்கு இப்போது கோயம்புத்தூரிலிருந்து இரும்புச் சட்டமும் பெல்ட்டும் வந்திருக்கிறது. அப்புறம் அப்பா வந்தார். சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டு, அழகாக இருந்தார். "கப்பியை நாங்கதானுங்க ஃபேக்டரில இருந்து கொண்டாந்து மாட்டுவோம்," என்று உற்சாகமாக ஆரம்பித்தார். பேட்டி எடுத்த பெண், அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டாள். அப்பா கொஞ்சம் இருமினார்.

"கயிறு புடிச்சவரு வேற ஒருத்தருங்க. பேரு வேண்டாமுங்க. தெரியாம நடந்துபோச்சு. ஆண்டவரு மன்னிச்சிருப்பாருங்க."

என்ன பெருந்தன்மை என்று எனக்குக் கண் கலங்கியது. அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். கை சில்லென்று இருந்தது.

அடுத்ததாக, "இதுவரை யாரும் பார்க்காத காட்சி" என்று எழுத்து வந்தது. அந்த வருடம் நாடகத்தை வீடியோ எடுத்த ஸ்டூடியோக்காரர் கேசட்டை யாருக்கும் போட்டுக் காட்டாமல் பெட்டியில் வைத்திருந்தாராம். விழுந்த பிள்ளையின் வீட்டாருக்கு மனசு கஷ்டப்படும் என்று. டிவிக்காரர்கள் வாங்கி, விழுவதற்கு முன்பு வரைக்கும் மட்டும் காட்டினார்கள். மங்கலாக ஓடியது. மேலே ஸ்டெல்லா அக்கா பாடிக்கொண்டு இறங்குகிறாள். பார்க்கிற யாரும் அவளைத்தான் பார்ப்பார்கள். நான் கீழே பார்த்தேன்.

ஸ்டூடியோக்காரர் மேடைக்கு வலது ஓரத்தில், உயரத்தில் எங்கோ நின்று எடுத்திருக்க வேண்டும். கூட்டத்துக்குத் தெரியாத திரைமறைவு அதில் தெரிந்தது. இடது கோடியில், வேஷத்துக்குப் போட்ட நீள அங்கியோடு குனிந்து, சாம்பிராணிச் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துப் புகையை மேடைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார் வெள்ளிக்காசு மாமா. வலது பக்கம் திரைக்குப் பின்னால், கயிற்றை உள்ளங்கையில் சுற்றிப் பிடித்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஒருவர். நீல ஸ்வெட்டர், மார்புக்குக் குறுக்கே மஞ்சள் பட்டை. அந்த ஸ்வெட்டரை என் அம்மா பின்னினாள். பட்டைக்கு நூல் பற்றாமல் பாதியில் வேறு மஞ்சள் சேர்த்தாள். நான்தான் நூல்கண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்குமெண்டரிக்காரர்களுக்கு ஒரு காட்சி பிடித்துவிட்டால் மறுபடி மறுபடி காட்டுவார்கள். இரண்டாவது தடவை மெதுவாக ஓட விட்டார்கள். அப்பா, "சேனலை மாத்து கண்ணு, ஒரே சோகமா இருக்குது," என்றார். நான் ரிமோட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று எத்தனை தடவை வாய் கூசாமல் சொல்லியிருக்கிறேன். அந்த இன்னோர் இடம் என் வீட்டு நாற்காலியாக இருக்கும் என்று நினைத்ததில்லை.

பிறகு நடுவட்டம் வழியாக ஒரு ஜீப் போவதைக் காட்டினார்கள். மாமாவைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள். சேரம்பாடியில் ஒரு லைன் வீட்டு வாசலில் அவர் உட்கார்ந்திருந்தார். உடம்பு வற்றிப் போயிருந்தது. விபூதி மட்டும் அப்படியே இருந்தது. அத்தை இல்லை, இறந்துவிட்டாள் என்று அந்தப் பெண்ணின் குரல் சொன்னது. எதிரே பெஞ்சில், ஊன்றுகோலைச் சாத்திவிட்டு ஸ்டெல்லா அக்கா. அவரை மன்னிக்க வேண்டும் என்று அவளே ஆசைப்பட்டு வந்தாளாம்.

"ஐயா, அன்னைக்குக் கயிறு பிடிச்சது நீங்கதானா?" என்று கேட்டாள் பேட்டிப் பெண்.

எதற்கும் யோசிக்காமல் சொல்லிவிடுகிற மனிதர், இப்போது வாயைத் திறக்கவில்லை. "இல்லன்னு சொல்லுங்க மாமா," என்று நான் டிவியைப் பார்த்துச் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவர் இல்லை என்று சொன்னால் என் அப்பா என்ன ஆவார் என்பதும் அதே நிமிடம் எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் கெஞ்சினேன். ஒரே ஒரு தடவை சொல்லுங்கள், உங்கள் பெண்டாட்டி கேட்ட மாதிரி ஒரே ஒரு தடவை.

அவர் கேமராவைப் பார்த்தார். "ஃபேக்டரி ஃபிட்டர் அண்ணனைப் பாத்தீங்களா? இருக்காருங்களா?"

"பார்த்தோம் ஐயா, நல்லா இருக்கார்."

"என்ன சொன்னாரு?"

"தெரியாம நடந்துபோச்சு, பேரு வேண்டாம், ஆண்டவர் மன்னிச்சிருப்பார்னு சொன்னார்."

"வேற பேரு ஒண்ணும் சொல்லலீங்களா?"

"இல்லைங்க ஐயா. வேற யாரும் வேற பேரு சொல்லலை."

அவர் தலையை ஆட்டினார். இவ்வளவு வருடமும் அவர் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். வரிசையில் அடுத்த ஆள் முன்னால் வருவான் என்று நினைத்துக்கொண்டு அந்த வாசலிலேயே கிழவனாகியிருக்கிறார். அது அந்த முகத்தில் தெரிந்தது. டிவிக்காரர்களுக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது.

"அப்ப நான்தாங்க," என்றார்.

ஸ்டெல்லா அக்கா எழுந்து, தடுமாறி நடந்து போய், அவர் தலையில் கை வைத்தாள். "நான் உங்களை எப்பவோ மன்னிச்சிட்டேன் மாமா," என்று அழுதாள். அவர் குழந்தை மாதிரித் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். வயலின் இசை வந்தது. பங்களித்தவர்களுக்கு நன்றி என்று பெயர்கள் ஓட ஆரம்பித்தன, அதில் அப்பாவின் பெயரும் ஓடியது. என் போன் அடித்தது, அப்பாவைப் பார்த்தோம், பிரமாதம் என்று சொல்லக் கூப்பிடுகிறார்கள். நான் எடுக்கவில்லை. டிவியை அணைத்தேன்.

"அப்பா, கயிறு யாரு கையில இருந்துச்சு?"

அவர் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய் அவர் காலடியில் உட்கார்ந்தேன். நான் யார் காலடியிலும் உட்கார்ந்தவள் இல்லை. "வீடியோவுல பாத்துட்டேன்ப்பா. அம்மா பின்னின ஸ்வெட்டரு. நான் உங்களைக் கோவிக்கல. அந்தப் பொல்லாத கயிறு யாரு கையில இருந்தாலும் வழுக்கித்தான் இருக்கும். ஆனா அவரு இன்னும் உசுரோட இருக்காருப்பா. காலையில பஸ் ஏறினா மத்தியானத்துக்குள்ள போயிரலாம், நான் லீவு போடறேன். ஒரே ஒரு வார்த்தை. ஸ்டெல்லாக்காகிட்ட ஒரு வார்த்தை. இப்ப உங்களுக்கு வேலையும் போகாது, வீடும் போகாது. உங்க மொறைப்பா இது. அவரு அதுக்குத்தான் உக்காந்திருக்காரு." அவர் முழங்காலைப் பிடித்து உலுக்கினேன். "சொல்லுங்கப்பா. எனக்காகவாச்சும் சொல்லுங்க."

அப்பா என் கையை மெதுவாக விலக்கினார். குல்லாயைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். அணைந்துபோன டிவியைக் காட்டி, எந்தக் கலக்கமும் இல்லாத, ஜெபம் முடிந்து எழுகிற குரலில் சொன்னார்:

"அதான் அவனே சொல்லிட்டானே, கண்ணு."